விரல்கள் மடங்கிய பிறகு

(கல்லூரி நூலக விழாவில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேசைமேல் ஒரு மூக்குக்கண்ணாடி வைத்திருக்கிறேன். முன்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியும். பின்னால் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கறுப்புச் சட்டம். இடது வட்டத்தில் சாதாரணக் கண்ணாடி. வலது வட்டம் காலி. காதில் மாட்டும் கம்பி ஒடிந்த இடத்தில் நீல நூல் சுற்றியிருக்கிறது. இது என் அப்பத்தாவுடையது.

எங்களுக்குக் கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல் கிராமம். 1972-இல் எனக்குப் பத்து வயது. அப்பத்தாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டார்கள். பெஞ்சுகளை வெளியே தூக்கிப் போட்டுவிட்டு, வகுப்பறையிலேயே ஆப்ரேஷன். முடிந்தவர்களை வராந்தாவில் பாய் விரித்து வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். தலை அசையக் கூடாது என்று இரண்டு பக்கமும் சிறு மணல் மூட்டைகளை அணை கொடுத்திருந்தார்கள். அப்பத்தாவுக்கு நான்தான் கஞ்சி புகட்டினேன். அண்ணாந்து படுத்த நிலையிலேயே விழுங்கவேண்டும். “சிந்தாம ஊத்துய்யா” என்று உதடு அசையாமல் சொல்வாள்.

அந்தக் காலத்து ஆப்ரேஷனில், புரை விழுந்த லென்ஸை முழுசாக எடுத்துவிடுவார்கள். அந்த இடத்தில் வேறெதுவும் வைக்கமாட்டார்கள். லென்ஸ் செய்த வேலையைக் கண்ணுக்கு வெளியே ஒரு தடித்த கண்ணாடி செய்யவேண்டும். சோடாபுட்டிக் கண்ணாடி என்று ஊரில் சொன்னது அதைத்தான். அதைப் போட்டால் பார்வை வரும். ஆனால் பொருள்கள் இருப்பதைவிடப் பெரிதாகவும் கிட்டத்திலும் தெரியும். அப்பத்தாவின் கை, காப்பித் தம்ளருக்கு நாலு விரற்கடை முன்னாலேயே நின்று காற்றைப் பிடிக்கும். வாசற்படியில் இறங்கும்போது காலைத் தூக்கித் தூக்கி வைப்பாள். மாதக்கணக்கில் பழகித்தான் கையும் காலும் கண்ணோடு ஒத்துப்போயின.

ஒரு நாள் துணி துவைக்கிற கல்லில் கண்ணாடி விழுந்தது. ஆப்ரேஷன் செய்த வலது கண்ணின் தடிக் கண்ணாடி சிதறிப் போயிற்று. புதிது வாங்க வேண்டுமானால் மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ போகவேண்டும். பஸ் செலவு, துணைக்கு ஒரு ஆள், இரண்டு பேருக்குச் சாப்பாடு, அப்பாவுக்கு ஒரு நாள் வேலை கெடும். “பருத்தி எடுத்ததும் பார்க்கலாம்மா” என்றார் அப்பா. ஏழு மாதம் ஆயிற்று. ஆப்ரேஷன் நல்லபடியாக முடிந்த கண்ணை வைத்துக்கொண்டு, ஏழு மாதம் அப்பத்தா குருடாக இருந்தாள். அவள் கைக்கம்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நடந்தவன் நான்.

நீங்கள் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு ‘வாழ்வின் குறிக்கோள்’. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

உங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு இப்போது எல்லோரும் தரும் அறிவுரை ஒன்று உண்டு. உனக்குள்ளே தேடு, உனக்கு எது பிடிக்கிறது என்று கண்டுபிடி, அதுவே உன் குறிக்கோள் என்கிறார்கள். 31 வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்துவிட்டு வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த அறிவுரை பல பிள்ளைகளை நோகடித்திருக்கிறது. உள்ளே எட்டிப் பார்த்து, அங்கே சுடர்விடும் எதுவும் தென்படாமல், தன்னிடம் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். இருபது வயதில் ஒருவருக்குள் என்ன இருந்துவிட முடியும்? கொஞ்சம் பயம், கொஞ்சம் ஆசை, வீட்டுக் கடன் பற்றிய கவலை. குறிக்கோள் அங்கிருந்து கிளம்பி வந்ததாக நான் அறிந்த எந்த வாழ்க்கையிலும் இல்லை. அது வெளியே, யாரோ ஒருவருடைய முகத்தில், நம் கண்முன் நடந்துவிட்ட ஏதோ ஒன்றில் இருக்கிறது. நாம் அதைப் பார்க்கிறோமா, பார்த்தபின் மறக்காமல் இருக்கிறோமா என்பதுதான் விஷயம்.

இதைச் சொல்ல ஒரு மனிதரின் கதையை எடுத்துக்கொள்கிறேன். எங்கள் கரிசல் பூமியிலேயே, எட்டயபுரத்துப் பக்கம் வடமலாபுரத்தில், 1918 அக்டோபர் 1-ஆம் தேதி பிறந்தவர். கோவிந்தப்ப வெங்கடசாமி. மதுரையில் டாக்டர் வி என்றால் அவர்தான். விவசாயக் குடும்பம், மூத்த பிள்ளை. அவர் படித்த திண்ணைப் பள்ளியில் சிலேட்டு கிடையாது. ஆற்று மணலைக் கொண்டுவந்து தரையில் பரப்பி, அதில் விரலால் எழுதிப் படித்தார்கள். அவருடைய கதையில் பின்னால் இந்த விரல் திரும்பவும் வரப்போகிறது.

அவர் சிறுவனாக இருந்தபோது உறவுப் பெண்கள் மூன்று பேர் பிரசவத்தில் இறந்தார்கள். ஊரில் டாக்டர் இல்லை. நான் டாக்டராவேன், பிரசவம் பார்ப்பேன் என்று பையன் முடிவு செய்தான். செய்தபடியே மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி என்று போய் 1944-இல் மருத்துவப் பட்டம் வாங்கினார். பிறகு ராணுவ மருத்துவப் பணி. ஒரு குறிக்கோள் இவ்வளவு நேராக நிறைவேறும் கதைகளைத்தான் நாம் மேடைகளில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஆனால் டாக்டர் வியின் கதை இங்கேதான் ஒடிந்தது.

முடக்குவாதம் வந்தது. சாதாரண மூட்டுவலி என்று நினைத்துவிடாதீர்கள். உடம்பு தன் மூட்டுகளைத் தானே தாக்கும் நோய் அது. ராணுவத்தைவிட்டு அனுப்பிவிட்டார்கள். மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிப் படுக்கை. எழுந்து நிற்க முடியவில்லை. பேனாவைப் பிடிக்க முடியவில்லை. ஒருவழியாக எழுந்தபோது கைவிரல்கள் பக்கவாட்டில் கோணி, முறுக்கிக்கொண்டு நின்றுவிட்டன. பிரசவ மருத்துவர் ஆவது இனி நடக்காது. முப்பது வயது.

குறிக்கோள் என்பது ‘நான் இன்னது ஆகவேண்டும்’ என்பதாக இருந்தால், அவருடையது அந்தப் படுக்கையிலேயே செத்துப்போயிருக்க வேண்டும். ஆனால் அந்தச் சிறுவனைத் தொட்டது எது? பிரசவம் பார்க்கும் தொழில்மேல் அவனுக்கு என்ன மோகம் இருந்திருக்க முடியும்? தடுத்திருக்கக்கூடிய ஒரு சாவு தடுக்கப்படாமல் போயிற்று, காரணம் அது ஒரு கிராமத்தில் நடந்தது என்பதுதானே அவனைத் தொட்டது? அந்த ஆத்திரத்துக்கு விரல் தேவையில்லை. அது மடங்கவும் இல்லை. தொழில் கைவிட்டுப் போயிற்று, யாருக்காக என்பது போகவில்லை. இது என் வாசிப்பு. ஆனால் அதன்பின் அவர் செய்த ஒவ்வொன்றும் இதற்குச் சாட்சி சொல்கிறது.

அவர் கண் மருத்துவத்தின் பக்கம் திரும்பினார். 1951-இல் பட்டம் பெற்றார். இதை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடக் கூடாது. நம் கண்ணில் இருக்கும் லென்ஸ் மைசூர்ப் பருப்பு வடிவத்தில் இருக்கும். குறுக்களவு ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். அதை எடுக்க விழியின் ஓரத்தில் வெட்டு போடவேண்டும். அந்தக் காலத்தில் அந்த வெட்டை மெல்லிய நூலால் தைக்கவும் வேண்டியிருந்தது. கை கொஞ்சம் நடுங்கினால் ஒரு மனிதனின் பார்வை போய்விடும். அந்த வேலையைக் கோணிய விரல்களோடு ஒருவர் கற்றுக்கொள்ள உட்கார்ந்தார். தன் கைக்கு ஏற்றபடி கருவிகளைச் செய்து வாங்கினார். அப்பத்தா தம்ளருக்குக் கை நீட்டிப் பழகினாளே, அதுபோல ஒவ்வொரு அசைவையும் திரும்பத் திரும்பப் பழகினார். அந்தக் கைதான் அவருடைய ஆயுளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தது.

1956-இல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவரானார். இருபது வருஷம் அரசாங்க வேலை பார்த்தார். உங்களில் பெரும்பாலோர் வீட்டுக் கடனுக்காகவும் தங்கை கல்யாணத்துக்காகவும் கிடைத்த வேலையில் சேரப்போகிறவர்கள். குறிக்கோள் என்றால் வேலையை உதறிவிட்டுக் கிளம்புவது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கையெழுத்துப் பதிவேடு, மேலதிகாரி, இடமாற்றம் எல்லாம் இருக்கும் அதே வேலைக்குள் இருந்துகொண்டுதான் அவர் கிராமங்களில் கண் முகாம்களை நடத்தினார். வைட்டமின் ஏ குறைவால் பார்வை இழக்கும் குழந்தைகளுக்கு ஊட்டச்சத்து மையம் தொடங்கினார். 1973-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அத்தோடு ஓய்வெடுத்திருந்தாலும் நிறைவான வாழ்க்கை என்றுதான் ஊர் சொல்லியிருக்கும்.

1976-இல், 58 வயதில், ஓய்வு பெற்ற கையோடு மதுரை அண்ணா நகரில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு ஆஸ்பத்திரி தொடங்கினார். தான் மனதில் குருவாக வைத்திருந்த ஸ்ரீ அரவிந்தரின் பெயரை அதற்கு வைத்தார். பணம் கொடுக்க முடிந்தவர்களுக்குச் சில படுக்கை, முடியாதவர்களுக்குச் சில படுக்கை. வீட்டை அடகு வைத்து, வீட்டுப் பெண்களின் நகைகளை அடகு வைத்துக் கட்டடம் எழும்பியது.

குறிக்கோள் தீர்மானங்களை எப்படி வழிநடத்துகிறது என்று அங்கே கண்கூடாகப் பார்க்கலாம். அவர் முன்வைத்த வாக்கியம் ஒன்றே ஒன்று: இருக்கத் தேவையில்லாத குருட்டுத்தனத்தை ஒழிப்பது. ‘பெரிய ஆஸ்பத்திரி கட்டுவது’ இல்லை. ‘ஏழைகளுக்கு உதவுவது’ கூட இல்லை. இந்த வாக்கியத்தின் கூர்மையைக் கவனியுங்கள். ஏழைகளுக்கு உதவுவதுதான் குறிக்கோள் என்றால், வருஷத்துக்கு நூறு பேருக்கு இலவசமாகச் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். ‘ஒழிப்பது’ என்று சொல்லிவிட்டால் தூங்க முடியாது. நூற்றியோராவது ஆள் வாசலில் நிற்பான்.

அதனால்தான் வேகம் பற்றிய கேள்வி வந்தது. ஒரே தரத்தில், ஊர் ஊராக, லட்சக்கணக்கானோருக்குச் சாப்பாடு கொடுக்கும் மெக்டொனால்ட்ஸ் கடை அவரை ஈர்த்தது. ஹாம்பர்கருக்கு முடியும் என்றால் கண்ணுக்கு ஏன் முடியாது என்று யோசித்தார். அறுவை அரங்கில் ஒரு டாக்டருக்கு இரண்டு மேசை போட்டார்கள். ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே அடுத்தவர் பக்கத்து மேசையில் தயாராக இருப்பார். டாக்டர் செய்தே ஆகவேண்டிய அந்தச் சில நிமிஷ வேலையைத் தவிர மற்றதையெல்லாம் பயிற்சி பெற்ற பெண்கள் செய்வார்கள். கிராமங்களில் பிளஸ் டூ முடித்த பெண்பிள்ளைகளை எடுத்து இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்து உருவாக்கிய அணி அது. அங்கே ஒரு டாக்டர் வருஷத்துக்கு 2,000 அறுவை வரை செய்ய முடிந்ததற்கு அந்தப் பிள்ளைகளும் ஒரு காரணம். அவர்களைப் பற்றி அதிகம் பேசப்படவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

அடுத்த கேள்வி: ஏழை என்று எப்படித் தீர்மானிப்பது? வருமானச் சான்றிதழ் கேட்கலாம். தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்து அதை வாங்குவதற்குள் மீதிப் பார்வையும் போய்விடும். அதனால் கேட்கவேண்டாம் என்று முடிவு செய்தார்கள். பணம் கட்டும் பிரிவா, இலவசப் பிரிவா என்று வருகிறவரே தேர்ந்துகொள்ளட்டும். டாக்டர்கள் இரண்டு பக்கமும் மாறி மாறி வேலை பார்க்கட்டும். பணம் கட்டியவருக்கு அறையும் கட்டிலும் வசதியாக இருக்கலாம். கண்ணில் வைக்கும் கத்தி ஒன்றேதான்.

அதன்பிறகு ஒரு விஷயம் தெரிய வந்தது. இலவசம் என்று சொல்லியும், தேவைப்பட்டவர்களில் பெரும்பாலோர் வரவில்லை. பஸ் செலவு, துணை ஆள், சாப்பாடு, கெட்டுப்போகும் கூலி. என் அப்பா 1972-இல் போட்ட அதே கணக்கு. ‘நாங்கள் இலவசமாகத் தருகிறோம், வராதது அவர்கள் பாடு’ என்று சொல்லிவிட எல்லா நியாயமும் இருந்தது. அந்த ஒற்றை வாக்கியம் அப்படிச் சொல்ல விடவில்லை. குருட்டுத்தனம் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறதே! முகாமிலிருந்து பஸ்ஸில் கூட்டிவந்து, சாப்பாடு போட்டு, அறுவை முடித்துத் திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள்.

இனி நான் என் சொந்தக் காரணத்துக்காக நெருங்கிப் பார்த்த இடத்துக்கு வருகிறேன். கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைக்கும் முறையை 1949-இல் லண்டனில் ஹரால்ட் ரிட்லி தொடங்கினார். போர் விமானிகளின் கண்ணில் தெறித்த விமானக் கண்ணாடித் துணுக்குகளை உடம்பு வெறுக்காமல் ஏற்றுக்கொண்டிருந்தது. அதைக் கவனித்ததில் பிறந்த யோசனை. எண்பதுகளில் இது பணக்கார நாடுகளில் பரவிவிட்டது. ஆனால் இறக்குமதி லென்ஸ் ஒன்றின் விலை நூறு டாலர் அளவில் இருந்தது. அதனால் மதுரையிலும் பணம் கட்டியவர்களுக்குக் கண்ணுக்குள் லென்ஸ், இலவசமாக வந்தவர்களுக்குச் சோடாபுட்டி என்ற நிலை இருந்தது. ஏழை நாடுகளுக்கு இந்த லென்ஸ் ஆடம்பரம், சோடாபுட்டி போதும் என்று சொன்ன வல்லுநர்கள் உண்டு.

அந்த வல்லுநர்கள் எவரும் துவைக்கிற கல்லில் கண்ணாடி விழுந்து உடையும் சத்தத்தைக் கேட்டிருக்கமாட்டார்கள்.

1992-இல் ஆஸ்பத்திரியின் சொந்த லென்ஸ் தயாரிப்புக்கூடமாக ஆரோலேப் தொடங்கியது. அமெரிக்காவின் சேவா அமைப்பும் அதோடு வேலை செய்த டேவிட் கிரீனும் துணை நின்றார்கள். மதுரையில் லென்ஸ் செய்ய முடியாது என்று சொன்னவர்களுக்குக் குறைவில்லை. செய்தார்கள். பத்து டாலர் அளவில் விலை வைத்தார்கள், பின்னால் அதற்கும் கீழே இறக்கினார்கள். இப்போது இலவசப் பிரிவில் படுத்திருப்பவரின் கண்ணுக்குள்ளும் லென்ஸ் போகிறது. அது கீழே விழாது. உடையாது. பருத்தி எடுக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகத் தோன்றுவது இன்னொன்று. தாங்கள் கண்டுபிடித்த முறைகளை அவர்கள் பூட்டி வைக்கவில்லை. மற்ற ஆஸ்பத்திரிக்காரர்களை அழைத்து, கணக்குப் புத்தகம் முதல் அறுவை அரங்குவரை திறந்து காட்டிக் கற்றுக்கொடுத்தார்கள். தன் ஆஸ்பத்திரி வளர்வது குறிக்கோள் என்றால் இது முட்டாள்தனம். குருட்டுத்தனம் ஒழியவேண்டும் என்றால் வேறெப்படிச் செய்ய முடியும்? ஒருவருடைய குறிக்கோள் உண்மையானதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த சோதனை இது. அதே வேலையை இன்னொருவர் நம்மைவிட நன்றாகச் செய்தால் நமக்கு மகிழ்ச்சி வருகிறதா, வயிறு எரிகிறதா? எரிந்தால், நாம் காதலிப்பது அந்த வேலையை அல்ல.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். ஒருவருடைய குறிக்கோளின் சுமை அவர் தோளில் மட்டும் விழுவதில்லை. டாக்டர் வி திருமணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி, தம்பி சீனிவாசன் என்று குடும்பமே அந்த வேலைக்குள் இறங்கியது. தொடக்க வருஷங்களில் ஊதியம் குறைவு, உழைப்பு அதிகம். அந்த நகைகளைக் கழற்றிக் கொடுத்த பெண்களையும் நினைத்துப் பார்க்கிறேன். உங்கள் குறிக்கோளுக்காக வீட்டில் யார் எதைக் கழற்றிக் கொடுக்கிறார்கள் என்று கவனியுங்கள். அவர்களிடம் முதலில் கேளுங்கள். கேட்காமல் எடுத்துக்கொண்டால், எவ்வளவு உயர்ந்த குறிக்கோளாக இருந்தாலும் அது பறிப்புதான்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. நான் பாங்க் பரீட்சை எழுதிவிட்டுக் காத்திருந்த இடைவெளியில் ஆசிரியர் வேலைக்கு வந்தவன். மூன்றாம் வருஷமோ நாலாம் வருஷமோ, எட்டாம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை. பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தே எழுதுவாள். காப்பி அடிக்கிறாள் என்று அவளைப் பலமுறை எழுப்பி நிற்க வைத்திருக்கிறேன். ஒரு நாள் கரும்பலகையில் இருப்பதைப் படி என்றேன். அவள் கண்ணைச் சுருக்கினாள். கழுத்து முன்னால் நீண்டது. அந்தக் கழுத்தை எனக்குத் தெரியும். தம்ளரைத் தேடும்போது அப்பத்தாவின் கழுத்து அப்படித்தான் நீளும். அந்தச் சனிக்கிழமை அவளையும் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு கண் பரிசோதனைக்குப் போனேன். கண்ணாடி போட்டபின் அவள் கணக்கில் வாங்கிய மார்க்கைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை. அது அவள் சாமர்த்தியம். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அதற்குப் பிறகு ஒரு பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்றால், இந்தப் பிள்ளைக்கு எது தெரியாமல் போகிறது, நான் எதைப் பார்க்கத் தவறுகிறேன் என்ற கேள்வி என்னை விடவில்லை. நகரத்து டியூஷன் சென்டரில் மூன்று மடங்கு சம்பளத்துக்குக் கூப்பிட்டபோது, வீட்டில் என் மனைவியிடம் பேசினேன். அங்கே எப்படியும் தேறிவிடும் பிள்ளைகள்தான் வருவார்கள் என்றேன். “அப்ப இங்கேயே இருங்க” என்றாள். பேச்சு அவ்வளவுதான்.

டாக்டர் வி தன் நாட்குறிப்புகளில் முடிவுகளைவிடக் கேள்விகளைத்தான் நிறைய எழுதினார். 2006 ஜூலை 7-ஆம் தேதி, 87 வயதில் காலமாகும்வரை அந்த ஆஸ்பத்திரி அவருடைய உலகம். மணலில் எழுதத் தொடங்கி, கோணிப்போய், லட்சம் கண்களுக்கு வெளிச்சம் கொடுத்த விரல்கள் அவை.

என் அம்மாவுக்குப் புரை வந்தபோது உள்ளே லென்ஸ் வைத்தார்கள். மணல் மூட்டை இல்லை. மறுநாள் காலை கட்டைப் பிரித்ததும், எதிரே இருந்த தம்ளரை எட்டி எடுத்துத் தண்ணீர் குடித்தார். கை நேராகப் போய் அதைப் பிடித்தது. நான் வெளியே வந்து வராந்தாவில் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.

இந்தக் கண்ணாடியை முன்வரிசையில் கொடுக்கிறேன். ஒவ்வொருவராகக் கைமாற்றிப் பின்னால் அனுப்புங்கள். வலது வட்டத்துக்குள் விரலை விட்டுப் பார்க்கலாம், போய் வரும். காதுக் கம்பியில் இருக்கும் நூலை மட்டும் அவிழ்த்துவிடாதீர்கள். கண் தெரியாத அந்த ஏழு மாதத்தில் அப்பத்தா தடவிப் பார்த்துக் கட்டிய முடிச்சு அது.